ஏழு வரி அக்கா

அந்த அலுவலகத்தில் அவளை ஏழு வரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயரை வைத்தவர் யாரென்று தெரியாது. வைத்துக்கொண்டவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிறருடைய இணையதளங்களில் வேலை செய்யாத இணைப்புகளைத் தேடிப் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் உண்டு என்று சொல்லும் பட்டியலுக்கு சைட்மேப் என்று பெயர். பெரிய தளமென்றால் பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். அதைப் படித்துக் கொடுக்க இலவசமான நிரல் தொகுப்பு ஒன்று இருந்தது, லைப்ரரி என்பார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆனால் உள்ளே உள்ளே இறங்கிப் பக்கங்களைப் பொறுக்குவது நம் பாடு. அதற்கான ஏழு வரி நிரலை அவள்தான் முதலில் எழுதினாள். போன மாதம் வாங்கியதைத் தொலைத்துவிட்டு ஆட்கள் அவள் மேசைக்கு வந்து நிற்பார்கள். மறுபடியுமா என்று அலுத்துக்கொண்டேதான் அனுப்புவாள். ஒரு நாள் யாரும் வராவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படியிருக்க, பக்கத்து மேசைக்காரர் ஒரு கடையின் தளத்தைச் சோதித்து அறிக்கை கொடுத்தார். நாலாயிரம் பக்கங்களில் பாதியைக் காணோம். ஏழு வரிகளை ஞாபகத்திலிருந்து எழுதியவர், உள்பட்டியலுக்குள் இறங்கும் வரியை விட்டுவிட்டார். மேலாளர் எல்லார் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

தன்னைக் கேட்டிருக்கலாமே என்றாள் அவள்.

"நாலாவது தடவை கேக்க சங்கடமா இருந்துச்சுக்கா. நீங்க அலுத்துக்குவீங்களேன்னு..."

சுருக்கென்று தைத்தது. அவளுடைய பவுசுக்கு ஒரு மனிதர் திட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த ஏழு வரியையும் லைப்ரரிக்குள்ளேயே ஒற்றைக் கட்டளையாக வைத்துவிடப் போவதாக வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்.

"அப்போ உன் கடையை நீயே இழுத்துச் சாத்துற," என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் பயந்ததும் அதற்குத்தான்.

இருந்தாலும் அந்தக் கட்டளையை எழுதி அனுப்பினாள். லைப்ரரியைப் பராமரிப்பவர், முகம் தெரியாத ஒருவர், குறை சொல்லித் திருப்பினார். எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக அள்ளிக் கொடுத்தால் லட்சம் பக்கமுள்ள தளத்தில் கணினி திணறிப்போகும், ஒவ்வொன்றாகக் கொடுக்கும்படி மாற்றுங்கள் என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், மனிதர் சொல்வது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்து மாற்றினாள். அடுத்த பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவள் மேசைப் பக்கம் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பொய் சொல்வானேன், வலித்தது. ஆனால் பக்கத்து மேசைக்காரரின் அறிக்கையில் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை என்பதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

ஒரு மாதம் கழித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி அந்த வழியாகப் போனவள் நின்றாள். அக்கா வயதுக்காரிதான். அக்காவோ பழக்கதோஷத்தில் அதே ஏழு வரிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க இவ்வளவு கஷ்டப்படுறீங்க? லைப்ரரியிலயே ஒரு வரி இருக்கே. யாரோ புண்ணியவான் எழுதி வச்சிருக்கான்."

பக்கத்து மேசைக்காரர் வாயைத் திறந்தார். அக்கா கண்ணாலேயே அவரை அடக்கினாள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏழு வரிகளையும் அழித்தாள். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

"அப்படியா? எப்படின்னு சொல்லிக் குடுங்க."