கையால எறிஞ்சு வெண்ட கப்

என்ர வீட்டு டிவிக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கப் இருக்கு. கோல்ஃப் விளையாடி வெண்டது. வாற ஆக்கள் அதைத் தூக்கிப் பாத்திட்டு என்னை மேலையும் கீழையும் பாப்பினம். "நீங்கள் கோல்ஃபும் விளையாடுவியளோ?" எண்டு கேப்பினம். ஓம், விளையாடினனான், ஆனால் தடியால அடிக்கேல்லை, பந்தைக் கையால எறிஞ்சு விளையாடினனான் எண்டு சொன்னால் சிரிப்பினம். சிரிக்கட்டும். அந்தக் கப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கதை என்னெண்டால், எனக்கு ஒருத்தியில பொறாமை. பூசி மெழுகிறதுக்கு ஒண்டுமில்லை. முப்பது வருசத்துக்கு மேலாய்ப் பொறாமை.

அவளும் நானும் யாழ்ப்பாணத்தில ஒரே வகுப்பு. அவள் பள்ளிக்கூட வலைப்பந்து கப்டன். நான் அதே ரீமில றிசேர்வ். ஆருக்காவது கால் சுளுக்கினால்தான் றிசேர்வுக்கு வாழ்வு. எங்கட ரீமில ஒருத்திக்கும் சுளுக்கேல்லை. அதால பயிற்சி நேரத்தில ரீச்சர் விசிலை என்ர கையில தந்து நடுவராக்கி விட்டிடுவா. வலைப்பந்தில பந்து கையில இருக்கேக்கை ஊண்டின கால் ஊண்டினபடி நிக்க வேணும். மற்றக் கால் எங்கையும் போகலாம், ஊண்டின காலை எடுத்து வைச்சால் பிழை. அதுக்குப் பேர் ஸ்டெப். நாலு வருசமாய் மற்றவையின்ர காலைப் பாத்துப் பாத்து "ஸ்டெப்!" எண்டு கத்தினதுதான் நான் விளையாடின விளையாட்டு. அவளுக்கு மட்டும் ஒருநாளும் ஊதக் கிடைக்கேல்லை. அவளின்ர கால் முளை அடிச்ச மாதிரி நிக்கும்.

இப்ப ரெண்டு பேரும் மொன்றியலில. அவளுக்கு இல்-பிசாரில தனி வீடு, பின்னால மரங்கள், முன்னால ரெண்டு கார். எனக்கு டோர்வலில மூண்டாம் மாடியில அப்பார்ட்மென்ட், விமானத்துக்குச் சாப்பாடு கட்டுற குசினியில வேலை. சனிக்கிழமையில நான் சாப்பாட்டுப் பெட்டி தூக்கேக்கை அவளும் மனுசனும் கோல்ஃப் விளையாடப் போவினம். படம் எங்கட வட்ஸ்அப் குழுவில வந்து விழும். வெள்ளைத் தொப்பி, ஒரு கையில மட்டும் கையுறை. "மற்றக் கை என்ன பாவம் செய்தது?" எண்டு நான் பகிடியாய் எழுதுவன். உள்ளுக்க வயிறு பத்தி எரியும்.

அவளின்ர பிள்ளையள் வடிவாய்த் தமிழ் கதைக்குங்கள். என்ர மகள் நான் நீட்டிற சாப்பாட்டை வாங்கிக்கொண்டு "மெர்சி" எண்டு பிரெஞ்சில நன்றி சொல்லிட்டு அறைக் கதவைச் சாத்துவாள். இதுக்கெல்லாம் பொறாமைப்படலாமோ எண்டு கேட்டால், படலாம். நான் படுறன். அவளுக்குத் தலைமயிரும் இன்னும் கொட்டேல்லை.

இதில ஆகக் கொடுமை, அவள் நல்லவள். எனக்குச் சுகமில்லை எண்டால் அவ்வளவு தூரம் கார் ஓடி வந்து சூப் தந்திட்டுப் போவாள். ஒரு கெட்ட குணம் இருந்தாலாவது நான் நிம்மதியாய் இருந்திருப்பன். தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறது ஒண்டுதான் நான் அவளில கண்ட குறை. அப்பிடிக் குடிச்சும் அவளுக்குச் சலரோகம் இல்லை. எனக்குத்தான் இருக்கு.

போன வருசம் எங்கட பழைய மாணவியர் சங்கத்துக்குக் கோல்ஃப் விசர் பிடிச்சுது. ரொறொன்ரோக் கிளை ஒரு கோல்ஃப் போட்டி வைச்சுப் படம் போட்டிருந்தது. எங்கட தலைவிக்குப் பொறுக்கேல்லை. "அவையள் விளையாடினால் எங்களால ஏலாதோ?" எண்டு ஒரு சின்னத் திடலை ஞாயிறு காலமைக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டா. ஒன்பதே ஒன்பது குழி. ஒத்திகை பாக்கப் போன அண்டைக்குப் பாத்தால் ஒருத்திக்கும் தடி பிடிக்கத் தெரியாது. ஒரு அக்கா அடிச்ச அடியில பந்து அங்கையே கிடக்குது, தடி பறந்து போய் விழுந்தது. திடல்காரன் தலையில கை வைச்சான். அப்பதான் செயலாளர் சொன்னா, "ஏன் மாரடிப்பான், எல்லாரும் வலைப்பந்து விளையாடின கையள்தானே, எறிவம்." அவவே சட்டமும் போட்டா. பந்து கிடந்த இடத்தில முன்காலை ஊண்டிப்போட்டு எறிய வேணும். பந்து கையை விட்டுப் போக முந்தி முன்கால் கிளம்பினால் ஸ்டெப், ஒரு எறி கூடப் போடுறது. பின்கால் என்னவும் செய்யலாம். ஆகக் குறைஞ்ச எறியில ஒன்பது குழியும் முடிக்கிறவளுக்குக் கப்.

ரெண்டு ரெண்டு பேராய்ப் போக வேணும், ஒருத்தியின்ர எண்ணிக்கையை மற்றவள் எழுத வேணும். சீட்டுக் குலுக்கிப் போட்டவை. என்ர சோடி ஆர் எண்டு நினைக்கிறியள்? அவளேதான்.

"பஸ்ஸில வாறன்" எண்டன்.

"உனக்கென்ன விசரோ? ஞாயிற்றுக்கிழமை உந்தப் பக்கம் பஸ்ஸைக் கண்டனியோ? நான் வந்து ஏத்துறன்."

வந்து ஏத்தினாள். டிக்கியைத் திறந்தால் உள்ளுக்க அவளின்ர கோல்ஃப் தடியள் முழுக்கக் கிடக்குது. தடியால அடிக்கத் தெரிஞ்சவள் அடிக்கலாம் எண்டு தலைவி அவளுக்குத் தனியாய்ச் சொல்லியிருந்தவ. "எல்லாரும் எறியேக்கை நான் மட்டும் அடிச்சால் சரியில்லையடி" எண்டிட்டு டிக்கியைச் சாத்தினாள். பாருங்கோ, இதிலையும் அவள்தான் பெரிய மனுசி.

செப்டெம்பர் கடைசி. புல்லு முழுக்க வாத்துப் பீ. முதல் எறியில என்ர பந்து விரலுக்கால வழுக்கி, மேஞ்சுகொண்டு நிண்ட வாத்துக் கூட்டத்துக்குள்ள போய் விழுந்தது. கோல்ஃப் பந்து சின்னன், ஆனால் பாரம், நெஞ்சில இருந்து தள்ளுற வலைப்பந்துப் பழக்கம் அதுக்குச் சரிவராது. அவள்தான் சொன்னாள், "மூண்டு விரலால பிடி, தோளுக்கு மேலால விடு." கேக்கக் கூடாது எண்டு நினைச்சனான். கேட்டன். பந்து பறந்தது!

அதுக்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்திட்டுது. இருபது வருசம் பெட்டி தூக்கின கை சும்மா கையோ? மூண்டாம் குழியில அவளை எட்டிப் பிடிச்சன். கொடிக்குக் கிட்ட வந்தாப் பிறகு குனிஞ்சு பந்தை உருட்டி விட வேணும், அதில நான் அவளிலும் திறம். அவள் உயரம், குனியிறது கஷ்டம். ஐஞ்சாம் குழியில ஒரு எறி முன்னுக்கு நிண்டன். ஏழாம் குழியில அவள் சமப்படுத்தினாள். இடையில மரத்துக்குக் கீழ இருந்து பிளாஸ்க்கில கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, "என்ன வடிவான வெயில்!" எண்டு சொன்னாள். எனக்கு வெயிலும் தெரியேல்லை ஒண்டும் தெரியேல்லை. அவளை ஒருக்கா, ஒரேயொருக்கா வெல்ல வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.

ஒன்பதாம் குழி. ரெண்டு பேரும் சமன். மற்றச் சோடியள் முடிச்சிட்டினம், எண்ணிக்கையில எங்களுக்கு எவ்வளவோ பின்னால எண்டு செயலாளர் வந்து சொல்லிப்போட்டா, அதால எல்லாரும் கடைசிக் குழிக்கு எறியிற இடத்தில கூடி நிண்டவை. ஒருத்தி போனில வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டாள். நடுவில ஒரு சின்னக் குளம். அவள் முதல் எறிஞ்சாள். உடம்பு வளைஞ்சு, கை சுழண்டு, பந்து குளத்தைத் தாண்டிப் போகுது. அது நிலத்தில விழ முந்தி என்ர வாய் கத்திப் போட்டுது.

"ஸ்டெப்!"

எல்லாரும் திரும்பிப் பாத்தவை. அவள் குனிஞ்சு தன்ர காலைப் பாத்தாள். பிறகு என்னைப் பாத்தாள்.

"சரி, எழுது" எண்டாள்.

ஒரு எறி கூட எழுதினன். அந்தக் குழியை அவள் நாலில முடிச்சாள், கூட்டினதோட ஐஞ்சு. நானும் நாலில முடிச்சன். வெண்டிட்டன்! தலைவி கப்பைத் தரேக்கை எல்லாரிலும் பலமாய்க் கை தட்டினது அவள்தான். வீடு வரைக்கும் கப்பை மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். அவள் கார் ஓடிக்கொண்டு பிள்ளையளின்ர கதை கதைச்சாள். நான் ஓம் ஓம் எண்டன், ஒண்டும் காதில விழேல்லை. சந்தோசம் எண்டால் அப்பிடி ஒரு சந்தோசம். அந்தக் கிழமை மகள் கதவைச் சாத்தினதுக்கும் எனக்குக் கோவம் வரேல்லை.

அடுத்த திங்கள் வீடியோ குழுவில வந்தது. வேலையில சாப்பாட்டு நேரம். நான் எறியிறதைப் பாக்கத்தான் திறந்தனான். அவளின்ர எறி முதல் வந்தது.

முன்கால் அசையேல்லை.

திரும்பப் போட்டன். பின்கால் கிளம்பிச் சுழலுது, பின்கால் என்னவும் செய்யலாம். முன்கால் அதே இடத்தில, அதே முளை அடிச்ச கால். பெரிசாக்கிப் பாத்தன், ஒரு பத்துத் தரம் பாத்தன். கீழ எல்லாரும் பூவும் இதயமும் போட்டு, "வெற்றி வீராங்கனைக்கு வாழ்த்துகள்" எண்டு எழுதியிருந்தவை. ஒருத்தியும் காலைப் பாக்கேல்லை. காலைப் பாக்கப் பழகினவள் நான் ஒருத்திதானே.

அண்டைக்கு என்ர கண் என்னத்தைக் கண்டது எண்டு இப்பவும் என்னால சத்தியம் பண்ண ஏலாது. முன்கால் கிளம்பினதாய்த்தான் கண்டனான் எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தன். நாலு வருசம் விசில் ஊதினவளுக்கு முன்கால் எது, பின்கால் எது எண்டு தெரியாதோ? சீ, எண்டு போச்சு.

ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். பிறகு போன் எடுத்தன்.

"எடி, அண்டைக்கு நீ கால் எடுக்கேல்லை."

"ஓம், எடுக்கேல்லை" எண்டாள். "என்ர கால் எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் எழுதச் சொன்னனீ?"

அவள் யோசிக்கக் கூட இல்லை. "நீ கத்தின கத்தில பயந்து போனன். உன்ர முகத்தைப் பாத்தால் உனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. எனக்கு அப்பிடி வேண்டியிருக்கேல்லையடி, உண்மையாய். சும்மா முசுப்பாத்திக்கு, சிரிச்சு விளையாடத்தானே வந்தனாங்கள்."

முப்பது வருசமாய் நான் இவளோட போட்டி போட்டுக்கொண்டு இருக்கிறன். இவள் ஒருநாளும் என்னோட போட்டி போட்டதே இல்லை. அது எனக்கு அந்தப் போனிலதான் தெரிஞ்சுது. தோத்தாலும் அது உறைக்காமல் ஒருத்தி இருக்கலாம் எண்டால், அதுக்கு மேல பொறாமைப்பட என்ன கிடக்கு?

"கப்பைக் கொண்டு வந்து தாறன்" எண்டன்.

"எனக்கேன்? இங்கை வைக்க இடமில்லை. நீயே வைச்சிரு."

குத்திக்காட்ட வேணுமெண்டு அவள் அதைச் சொல்லேல்லை. உண்மையாய் அவளுக்கு இடமில்லைத்தான், அலுமாரி முழுக்கக் கப். நான் போனை வைச்சிட்டுக் குசினியில போய் நிண்டு அழுதன். கோவத்தில அழுதனானோ வெக்கத்தில அழுதனானோ எண்டு கேக்காதேங்கோ.

அதுக்குப் பிறகு அவள் வாறாள் எண்டால் கப்பை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிடுவன். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள், கதவடியில சத்தம் கேட்டுத்தான் ஓடிப்போய் ஒளிச்சனான். சப்பாத்தைக் கழட்டினவள் நேர வந்து டிவியடியைப் பாத்தாள்.

"எங்கையடி உன்ர கப்?"

எடுத்துக் கொண்டு வந்து குடுத்தன். தன்ர சால்வைத் தலைப்பால தூசு துடைச்சு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி முன்னுக்கு இழுத்து வைச்சாள். வைச்சிட்டு இருந்து தேத்தண்ணி கேட்டாள்.

மூண்டு கரண்டி சீனி போட வேணும். வேணுமெண்டே ஒண்டுதான் போட்டன். ஒரு முடறு குடிச்சிட்டு என்னை ஒருக்கா நிமிந்து பாத்தாள். பிறகு முழுக்கக் குடிச்சு முடிச்சாள்.