துண்டில் பதினெட்டு

அறுபதுகளில் திருகோணமலை நகரத்தில் ஒரு டாக்குத்தரிடம் மருந்து கலக்குபவனாக இருந்தேன். கலக்குவது பாதி வேலைதான். மற்றப் பாதி, நோயாளி உள்ளே போகுமுன் ஒரு கடதாசித் துண்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுப்பது: காய்ச்சல், நாடி, மூச்சு. காய்ச்சலைக் கண்ணாடிக் குழாய் சொல்லிவிடும். நாடிக்குக் கையைப் பிடித்தால் போதும். மூச்சுக்குத்தான் ஒரு முழு நிமிடம் சும்மா நின்று நெஞ்சைப் பார்க்க வேண்டும். காலையிலேயே உட்காரும் வாங்குகள் நிறைந்து வாசற்படி வரைக்கும் சனம் இருக்கிற இடத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு நான் எங்கே போவேன்? எல்லோருக்கும் பதினெட்டு என்று எழுதினேன். சிலருக்கு, ஒரு மாறுதலுக்காக, இருபது.

வெட்கப்படவும் இல்லை. எனக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். பழைய துண்டுகளைப் புரட்டினால் ஊர் முழுவதும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டிருக்கிறது.

ஆனால் டாக்குத்தர் அந்த எண்ணை நம்பினார். மூச்சு முப்பதுக்கு மேலே என்றால் வேறு கதையே இல்லை, கடிதம் எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அது இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

குடாவுக்கு அப்பால் மூதூரிலிருந்து லாஞ்சில், அந்த மோட்டார் படகில், வருகிறவர்களுக்கென்று நான் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். ஜெட்டி என்ற இறங்குதுறையிலிருந்து வெயிலில் நடந்து வருவதால் கிழவன் குமரி என்றில்லாமல் எல்லோருக்கும் மூச்சு இளைக்கும். அதை எண்ணினால் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். "லாஞ்சு மூச்சு" என்று அதற்குப் பெயர் வைத்தேன். லாஞ்சு மூச்சைக் கணக்கில் எடுப்பதில்லை. இதை என் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மருந்து மேசையை விட்டு வெளியே வந்தபோது மூதூரிலிருந்து வந்த ஒரு வயற்காரரும் அவர் மனைவியும் வாங்கில் இருந்தார்கள். அவருக்கு வேர்த்து வழிந்தது, மூச்சு வாங்கியது. அவளுக்கும் அப்படியே.

"எத்தினை நாளாக் காய்ச்சல், நானா?" என்று அண்ணன் முறை வைத்து அவரைக் கேட்டேன்.

"நாலு நாள் ஐயா. இருமலும் கெடக்கு. விடியத்துல இருந்து கதைக்கவும் ஏலாமக் கெடக்கிறா."

"லாஞ்சால இறங்கி நடந்து வந்ததுதானே, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அவர்கள் முறை வந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. நாடி வேகம். மூச்சு எண்ண நிமிர்ந்தேன். புருஷன் பக்கத்தில் இருக்க, முக்காடு போட்ட பெண்ணின் நெஞ்சைக் கையில் மணிக்கூட்டுடன் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தது. பதினெட்டு என்று எழுதினேன்.

டாக்குத்தர் துண்டைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். "மூச்சு எண்ணினீரே?"

"ஓம் ஐயா, எண்ணினனான்."

சேலைக்கு மேலால் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குளிசையும் மிக்ஸ்சரும் எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு சனத்துக்குள் அவருடைய கண் நான்தான். அவர்கள் போத்தல் கொண்டுவரவில்லை, அதனால் எங்கள் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். "போத்தலை மறக்காமத் திருப்பித் தாங்கோ" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

ஒரு கிழமை கழித்து அவர் தனியாக வந்தார். கையில் கழுவித் துடைத்த போத்தல். நடந்து வந்த களைப்பில் இளைத்தது.

"இருங்கோ நானா. அவவுக்கு எப்பிடி?"

"அண்டைக்கே மௌத்தாப் போயிட்டா ஐயா. லாஞ்சி கரைக்கு வரக்குள்ள." போத்தலை மேசையில் வைத்தார். "இது உங்கட. அதான் கொண்டு வந்த."

அன்றைக்கே செத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். என்ன நினைத்தேனோ, அவருடைய மூச்சை எண்ணினேன். முப்பத்திரண்டு. தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு மறுபடி எண்ணினேன். பதினெட்டு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அதே வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்தாள். உள்ளே போகும்போதும் முக்காட்டின் ஓரம் படபடவென்று ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

அப்போதும் என் புத்தி தப்பிக்கத்தான் வழி தேடியது. "அந்த வெயிலில நடந்ததுதான் அவவுக்குக் கூடாமப் போயிருக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ எங்க ஐயா நடந்த? ஜெட்டியில இருந்து நான்தானே தூக்கிக்கொண்டு வந்த. அண்டைக்கு அதைத்தான் சொல்ல வந்த நான்."

அவள் மூச்சை எண்ணவே இல்லை என்பதை அவரிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகு டாக்குத்தரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் எண்ணினேன், மெத்தனம் என்று ஏச்சும் வாங்கினேன். அதனால் யாராவது பிழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருந்தாலும் அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்று லாஞ்சுக்கு நேரமாகிறது என்று அவர் எழும்பினார். "நீங்க அவட கையப் புடிச்சிப் பாத்தீங்க ஐயா. ஒங்களுக்காக அல்லாக்கிட்டத் துஆக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாங்கில் இருந்த அடுத்தவர் தன் துண்டுக்காகக் கையை நீட்டினார்.