இறக்கி வைத்த சிவப்பு சாக்ஸ்

நகலக்காவின் செருப்புச் சத்தம் படகுத்துறைப் பலகையில் கேட்டாலே போதும், செத்துக் கிடக்கும் கணினி தானாக எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொள்ளும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். செருப்புச் சத்தம் மட்டும் போதாது. ஒரு கேபிளும் வேண்டும்.

முன்பு அதே துறையில் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்திருந்தவள். கூண்டுக் கணினி அடிக்கடி மண்டையைப் போட, பழுது பார்க்க வந்தவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இன்று முப்பது படகுகளின் கணினிகள் அவள் பொறுப்பு. உப்புக் காற்றிலும் இன்ஜின் அதிர்விலும் ஒரு கணினி பிழைத்துக் கிடப்பது லேசுப்பட்ட காரியமா? அதனால் படகுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், வெளியிலிருந்து செருகுவது. சனிக்கிழமைதோறும் கணினியில் இருப்பதை ஒரு தூசி விடாமல் இரண்டிலும் நகலெடுப்பாள். அந்த நேரத்தில் எவனாவது இன்ஜினைக் கிளப்பினால் தொலைந்தான். எடுத்து முடித்ததும் அந்த டிஸ்கிலிருந்தே கணினியைக் கிளப்பியும் பார்ப்பாள். பிறகு ஒன்று நீல சாக்ஸுக்குள் போகும், மற்றது சிவப்பு சாக்ஸுக்குள். குழந்தைகள் போடும் சாக்ஸ்; அளவு கச்சிதம், குலுங்கினாலும் அடிபடாது. நீலம் படகு அலமாரியில் இருக்கும். சிவப்பு அவளோடு கரைக்கு வரும். படகுக்கே ஏதாவது ஆனாலும் ஒன்று தப்பட்டுமே!

இப்படியே வீட்டில் முப்பது சிவப்பு சாக்ஸ் சேர்ந்துவிட்டன. "யாராவது பார்த்தா இங்க பூரான் குடியிருக்குன்னு நினைப்பாங்க" என்று அவள் கணவர் முனக ஆரம்பித்தார். அதனால் ஒரு சனிக்கிழமையிலிருந்து, சிவப்பை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று படகுக்காரர்களிடம் விட்டுவிட்டாள்.

அப்படிச் சொல்லப்பட்டவர்களில் அவளுடைய அத்தானும் ஒருவர். பெரியக்காவின் கணவர். கடலின் ஆழம் அளக்கும் படகின் தலைவர். அரையடி மீசை.

"அத்தான், நீலம் அலமாரியிலயே இருக்கட்டும். சிவப்பை மறக்காம இறக்கி வச்சிடுங்க."

"இறக்கி வைக்கிறேன் தாயே. ஆனா ஒண்ணு, கொழுந்தியா. உன் சாக்ஸ் என்னைக்காவது எனக்குத் தேவைப்பட்டா, இந்த மீசையை எடுத்துடறேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதே வாய் போனில் குழறியது. "பெட்டி முழிக்க மாட்டேங்குதும்மா."

அந்தப் பெட்டிக்குள் ஏழு வருஷத்து ஆழக் கணக்கு இருந்தது. துறைமுக வாய்க்குள் மணல் எப்படி எப்படி நகர்கிறது என்று அத்தான் வெயிலில் காய்ந்து அளந்தது. அன்று மாலை ஒரு பெரிய கப்பல் உள்ளே வர வேண்டும். இரண்டு மணிக்குள் வரைபடம் கைக்கு வராவிட்டால் அளக்கும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று துறைமுக அலுவலகம் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டது.

நகலக்கா பறந்து போனாள். கணினியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். டிக், டிக், டிக். உள்ளே இருந்த டிஸ்க் போயே போய்விட்டது.

"பரவாயில்ல. அலமாரியில நீலத்தை எடுங்க."

"அலமாரியில இல்ல."

"பின்ன?"

"நீதானே இறக்கி வைக்கச் சொன்னே? சிவப்பை மட்டும் இறக்கினா நீலத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்னு ரெண்டையும் இறக்கி வச்சேன்."

"கரையில எங்க?"

"கரையிலயா? அலமாரியிலிருந்து இறக்கி, இதோ, தரையில."

மேசைக்கு அடியில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு அழுக்குத் தண்ணீர். அதில் நீல சாக்ஸ் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தது. சிவப்பைக் காணவே காணோம்.

"அத்தான்! படகுல இறக்கி வைன்னா கரையில இறக்குறதுன்னு தெரியாதா? சரக்கை எங்க இறக்குவீங்க?"

"அது சரக்கு. இது சாக்ஸ். தெளிவாச் சொல்லணும்ல!"

வீராப்பாகத்தான் சொன்னார். ஆனால் மீசையின் இரு நுனியும் தொங்கிப்போயிருந்தன. ஏழு வருஷம். இருவரும் முழங்காலிட்டுப் படகு முழுக்கத் துழாவினார்கள். கிடைத்தது ஒரு சீப்பும் அத்தான் இரண்டு மாதமாகத் தேடிய மூக்குக் கண்ணாடியும்தான்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு பெரியக்கா படியேறினாள். நடந்ததைக் கேட்டாள். பையிலிருந்து துவைத்து மடித்த சிவப்பு சாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில், உலர்ந்த துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்.

"சனிக்கிழமை அழுக்குத்துணி எடுக்க வந்தேன்ல, இதுவும் கூடவே வந்துடுச்சு" என்றாள்.

நகலக்கா டிஸ்கைச் செருகினாள். வெளி டிஸ்கிலிருந்து கணினியைக் கிளப்பும் விசையை அழுத்திப் பிடித்தாள். கருப்புத் திரை. மறுபடி. கருப்பு. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கேபிள் முனையில் உப்புப் பூத்திருந்ததைக் கண்டு, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துவிட்டு மூன்றாம் தடவை அழுத்தினாள். திரையில் நீலக் கடல் விரிந்தது; ஏழு வருஷமும் வரிசையாக வந்து நின்றது. சனிக்கிழமைக்குப் பிந்திய அளவுகள் மட்டும் இல்லை. அவை அத்தானின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. அவர் படிக்க, நகலக்கா தட்ட, பெரியக்கா "அது ஏழா, ஒண்ணா? கோழி கிறுக்கினாக்கூட இதைவிடப் புரியும்" என்று சரிபார்க்க, இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரைபடம் போய்ச் சேர்ந்தது. கப்பலும் தரை தட்டாமல் வந்தது.

அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை மீசையில்லாமல் வந்து நின்றவரை, எந்தப் படகில் வேலை என்று காவலாளி விசாரித்தார். நகலக்காவும் தன் பேச்சைத் திருத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் "இறக்கி வைங்க" என்பதில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்கிறாள். ஒரு அழுக்குத்துணி மூட்டையின் தயவில் அத்தானின் தொழில் பிழைத்தது.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியதும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியக்கா கையை நீட்டித் தாளை மறைத்தாள்.

"அந்த அழுக்குத்துணியை மட்டும் அடிச்சிடுங்க. நான் தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனேன். பெட்டி படுத்துடுச்சுன்னு காதுல விழுந்ததும் தெரிஞ்சேதான் கொண்டுவந்தேன். பால் பொங்குது, இறக்கி வைங்கன்னா நடு வழியில தரையில வைக்கிற மனுஷன்கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா, காப்பாத்தினது சாக்ஸ் இல்ல, என் பொண்டாட்டின்னு சொல்லி மீசையைக் காப்பாத்திக்கிட்டிருப்பார். அதுக்குக் கீழ மூஞ்சி எப்படி இருக்கும்னு நானும் ஒரு தடவை பார்க்க வேணாமா?"