ராசகுமாரியின் தலை எந்தப் பக்கம்

1. கழுத்து

முதல் நாளே ஹெலன் எங்களுக்குக் கழுத்தைக் காட்டினார்.

ஹெலன் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பராமரிப்பவர். நான் சாமான் ஏற்றி இறக்குகிறவன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கம்பனியில் பத்தொன்பது வருடம். பியானோ, இரும்புப் பெட்டகம், ஆஸ்பத்திரி மெஷின், கல் சிலை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். மனிதரை ஏற்றியதில்லை.

மேசையில் கிடந்தவர் எகிப்து ராசா ஒருவரின் மகள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தியவர். உடம்பு முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அவரும் அவருடைய தம்பியும் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய களஞ்சியத்தில் வெகுகாலம் இருந்தார்கள். இப்போது நகருக்குள் அவர்களுக்கு ஒரு புதுக் கட்டடம். முதலில் அக்கா, மறுநாள் தம்பி.

ஹெலன் பேசியது ஆங்கிலம். நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"தவம், இஞ்ச பாருங்கோ. கழுத்தெலும்பு எப்பவோ உடைஞ்சிட்டுது. தலையைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இந்தத் துணி மட்டும்தான். ஒரு பெரிய குலுக்கல் காணும்."

"குலுங்கினா?"

"தலை கழண்டிடும். பிறகு ஒண்டும் செய்யேலாது."

என்னோடு நின்றவன் செந்தில். லொறி ஓட்டுகிறவன். திருச்சிக்காரன். மற்ற நேரம் வாய் ஓயாது. அன்று எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, எனக்கு வாஷிங் மெஷினே போதும்ணே."

சொன்னானே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை வயதில் செத்திருப்பார், என்ன சாப்பிட்டிருப்பார் என்று. எனக்கும் அன்றிரவு நித்திரை வரவில்லை. பயம் இல்லை. சந்தோசம்தான். எங்கள் கையில் ஒரு ராசகுமாரியைத் தருகிறார்கள்.

2. வாசல்

பெட்டி ஏழு அடி நீளம். உள்ளே நாலு பக்கமும் ஃபோம். வெளியே கைக்கடிகாரம் அளவில் ஒரு கருவி. குலுங்கினால் அது பதியும். அளவுக்கு மேல் குலுங்கினால் பச்சை லைட் சிவப்பாகும். தலைப்பக்கப் பலகையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

வேலைத் தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: வாசலால் தலை முன்னே. லொறியில் தலை கேபின் பக்கம்.

காரணம் சின்னது. எந்த லொறியும் பின்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். கழுத்து அங்கே இருக்கக் கூடாது.

ஏற்றும் நாள் காலையில், இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிப் பெரியவர் ஒருவர் வந்து பெட்டி அருகே நின்று பிரார்த்தனை சொன்னார். நாங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றோம். முடிந்ததும் எல்லோரும் தண்ணீரில் கை கழுவினோம். ஹெலன் தன் காரை எடுக்கப் போனார். அவருடைய ஆட்கள் முன்னமே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். சக்கரம் பூட்டிய சில்லுப் பலகையில் இருந்த பெட்டியை நானும் செந்திலும் தள்ளினோம்.

வாசல் வந்தது. நான் நின்றேன். மறு முனையில் செந்திலும் நின்றான். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைத் திருப்பினோம். கால் முன்னே போயிற்று.

எங்கள் ஆட்களில் இறந்தவரை வாசல் தாண்டி எடுக்கும்போது கால்தான் முன்னே போகும். யாழ்ப்பாணத்திலும் அப்படி, திருச்சியிலும் அப்படி. என் அப்பாவையும் அப்படித்தான் எடுத்தோம். ஏன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

வெளியே லோடிங் மேடை. போன வாக்கிலேயே சில்லுப் பலகையோடு லொறிக்குள் தள்ளி, ஸ்ட்ராப் போட்டு இறுக்கி, கதவைச் சாத்தினோம். ஸ்டிக்கர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

3. கேபின் திரை

மழை தூறியது. மணிக்கு இருபதில் போனோம். ஹெலனின் கார் பின்னால். செந்தில் உசாராக இருந்தான்.

"ராஜா வீட்டுப் பொண்ணை ஏத்திட்டுப் போறேன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன்ணே. இறங்கினதும் தலைக்குக் குளிச்சுட்டு வீட்டுக்குள்ள போடாங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேபினில் ஒரு சின்னத் திரை உண்டு. சாமான் இருக்கும் இடத்தை அதில் பார்க்கலாம். சிரித்தபடி அதைப் பார்த்தேன். பின்கதவோரத்தில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி ரயில் கடவை இருந்தது. மேம்பாலத்து வழியில் றோட்டு வேலை நடந்ததால் அந்த வழியைத்தான் தந்திருந்தார்கள். தலை முன்னே இருந்தால் அது பெரிய விசயம் இல்லை.

"செந்தில், நிப்பாட்டு."

"எங்கண்ணே? மஞ்சக் கோடு போட்டிருக்கான்."

"அந்த டெய்ரிப் பக்கம் விடு. தலை பின்னுக்குக் கிடக்கு."

அவன் திரையைப் பார்த்தான். டெய்ரி என்றால் இங்கே மூலைக்கடை. அதற்குப் பக்கத்தில் கார் விடும் இடத்துக்குள் லொறியை விட்டான். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"நாமதானேண்ணே திருப்புனோம்."

"ஓம்."

"நடக்கிற ஸ்பீடுல தண்டவாளத்தைத் தாண்டிருவோம்ணே. அங்க போய் லோடிங் மேடையில திருப்பிக்கலாம். அந்தம்மாவுக்குத் தெரியாது."

"கழுத்துக்குத் தெரியும்."

அவன் என்ஜினை அணைத்தான். பிறகு, "என் விசா இந்த வேலையிலதான்ணே நிக்குது" என்றான்.

"நான்தான் திருப்பினதெண்டு சொல்லுறன். நீ இரு."

இறங்கினேன். ஹெலன் காரை விட்டு ஓடி வந்தார்.

"ஏன் நிண்டனீங்கள்?"

"தலை பின்பக்கம் இருக்கு. வாசலிலை நான் மாத்திப் போட்டன்."

அவர் முகம் வெளுத்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன். இறந்தவரைக் கால் முன்னேதான் எடுப்போம், கை தானாகச் செய்துவிட்டது என்று. வேறு சாட்டு எதுவும் சொல்லவில்லை. கேபின் கதவு திறந்த சத்தம் கேட்டது. செந்தில் பக்கத்தில் வந்து நின்றான்.

"நானும்தான் மேடம். ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

4. நாலு விரல்

திரும்பிப் போனால் வந்த மேடு பள்ளம் எல்லாம் மறுபடி. வெளியே இறக்கித் திருப்பினால் மழை. ஈரக்காற்று அந்தத் துணிக்கு ஆகாது. ஹெலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கக் கதவால் லொறிக்குள் ஏறினேன். பெட்டியை மூலைக்கு மூலை அளந்தேன். லொறியின் அகலத்தை அளந்தேன். இறங்கி வந்தேன்.

"உள்ளுக்கையே திருப்பலாம்."

"எவ்வளவு இடம் இருக்கு?"

"ரெண்டு பக்கமும் நாலு நாலு விரல்."

"சென்டிமீட்டரிலை சொல்லுங்கோ, தவம்."

"ஏழு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஏறினார்.

அதற்குள் டெய்ரிக்காரர் குடையோடு வந்துவிட்டார். வாடிக்கையாளர் வாகனம் மட்டும்தான் இங்கே நிற்கலாம் என்று சத்தம் போட்டார். செந்தில் கடைக்குள் ஓடி இரண்டு லிட்டர் பாலோடு வந்தான்.

"இப்ப நாம கஸ்டமர்ணே."

பின்கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே மூன்று பேர். ஹெலன் கருவிக்கு மேல் டோர்ச் பிடித்தார். நான் தலைப்பக்கம், செந்தில் கால்பக்கம். ஸ்ட்ராப்பைக் கழற்றி, விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்பினோம். கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

பெட்டி குறுக்காக வந்தபோது என் பக்கம் நாலு விரல் இடம் விட்டுத் தாண்டியது. செந்தில் பக்கம் அந்த இடம் இல்லை. ஸ்ட்ராப் கொழுவும் கம்பி சுவரில் துருத்திக்கொண்டிருந்தது. அதை நான் அளக்கவில்லை.

"அண்ணே, நில்லு."

பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் அவன் தன் புறங்கையைக் கொடுத்திருந்தான். தோல் உரிந்து இரத்தம் வந்தது. பெட்டி கம்பியில் தட்டவில்லை. லைட் பச்சையாகவே இருந்தது.

நான் என் பக்கம் இரண்டு விரல் இழுத்தேன். அவன் கையை எடுத்தான். மீதி இலேசாகத் திரும்பியது. ஸ்டிக்கர் கேபின் பக்கம் வந்ததும் ஹெலன் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். செந்தில் சிரித்தான். நானும் சிரித்தேன். என்னுடைய நெஞ்சு அடித்த அடியைக் கருவி பதிந்திருந்தால் அங்கேயே சிவப்பு எரிந்திருக்கும்.

கடவையில் மணி அடித்தது. ரயில் போகும் வரை நின்றோம். பிறகு ஊர்ந்து தாண்டினோம். முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லு டக் டக் என்று இரண்டு தரம் துள்ளியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

புதுக் கட்டடத்தில் பெட்டியைத் திறந்தார்கள். ஹெலன் குனிந்து கழுத்தடியில் டோர்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"துணி அப்பிடியே இருக்கு" என்றார்.

செந்தில் வெளியே போய் அந்தப் பாலைக் குடித்தான். இரண்டு லிட்டரில் பாதி.

5. தம்பி

ஹெலன் நடந்த எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார். எழுதத்தான் வேண்டும். எங்கள் கம்பனி மனேஜர் என்னைக் கூப்பிட்டு உண்மைதானா என்று கேட்டார். ஓம் என்றேன். நாளைக்கு வேறு ஆட்களை அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பின்னேரம் போன் வந்தது. ஹெலன் எங்கள் இருவரையும்தான் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை களஞ்சியத்தில் அவர் புது வேலைத் தாள் ஒன்றைத் தந்தார். எனக்கு ஆங்கிலம் வாசிக்க நேரம் எடுக்கும். அவரே வாசித்தார்.

"வாசலாலை கால் முன்னே. லோடிங் மேடையிலை திருப்புறது. லொறியிலை தலை கேபின் பக்கம். சரியோ?"

"சரி."

"மேடை அகலம்தானே. திருப்ப ஒரு நிமிசம் காணும். நேற்றே சொல்லியிருந்தா நேற்றே எழுதியிருப்பன்."

நான் டேப்பை எடுத்துப் போய் மேடையை அளந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கைக்கு ஒரு பழக்கம் இருக்கும். அது வெட்கப்படுகிற விசயம் இல்லை. ஆனால் கை செய்ய முதல் வாய் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவனும் உங்கள் ஆளாக இருந்தால் இன்னும் பலமாகச் சொல்லுங்கள். அவன் கைக்கும் அதே பழக்கம்; அவன் உங்களைத் தடுக்க மாட்டான்.

தம்பியின் பெட்டி வாசலுக்கு வந்தது. இந்தத் தரம் செந்தில் ஊர் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"கால் முன்னாடிண்ணே."

"ஓம். கால் முன்னே."

ஹெலன் தாளில் ஒரு சரி போட்டார். நாங்கள் தள்ளினோம்.