சோனியா கொடுத்த ஸ்வெட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். போன டிசம்பர் பதினேழாம் தேதி, வடக்கே நாங்கள் பிழைக்க வந்த தாபோடியில், எங்கள் வீட்டுக்குள் நடந்தது இது.

அப்பா மாடசாமிக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சரியாக மூடாது. அந்தக் குளிரில் போய்ப் போய் இருமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்படியே போனால் அவர் பிழைப்பாரா என்று எனக்குப் பயம். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு சோனியா ஒருத்திதான். அவளிடம் சொல்லி அழுதேன். மறுநாளே ஸ்வெட்டரோடு வந்தாள்.

ஆண்கள் போடுவது. சாம்பல் நிறம், நெஞ்சில் நீல டைமண்ட் டிசைன். கழுத்துக்குள் ஏதோ பழைய வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. மெரினோ கம்பளி. கன்னத்தில் வைத்தால் குத்தவே இல்லை.

யாருடையது என்று கேட்டேன்.

"எங்க மாமாவோடது. அவரு சென்னைக்கே போய்ட்டாரு. அங்க இதப் போட்டா வெந்துருவாரு. உங்கப்பாவுக்குக் குடு."

அப்பா மூன்று நாள் போட்டுக்கொண்டு போனார். இருமல் நின்றது. சோனியாவைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால்... ஏதோ சரியில்லை. காலையில் ஆணியில் மாட்டினால் மதியம் நாற்காலியில் கிடக்கும். வெயிலில் போட்டும் ஆஸ்பத்திரி வாடை போகவில்லை. இடது கை மடங்கியே இருக்கும். நீவி நேராக்குவேன். திரும்பிப் பார்த்தால் மறுபடி மடங்கியிருக்கும்.

பதினேழாம் தேதி. விடியற்காலை 5.10. குழாயில் தண்ணீர் வரும் நேரம். அம்மா ஔந்து பக்கம் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். குடம் எடுக்க எழுந்தேன்.

நாற்காலியில் அப்பா.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதே ஸ்வெட்டர். இருட்டில் தலை தெரியவில்லை.

ஷிப்ட் முடியவில்லையே, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். மூச்சு மட்டும். கர்ர்... கர்ர்...

5.14. போன் அடித்தது.

"ஏ பிள்ள, ஸ்வெட்டர மறந்துட்டு வந்துட்டேன்லா. அம்மா கெளம்பிட்டாளா?"

அப்பாவின் குரல். பின்னால் மெஷின் சத்தம்.

நாற்காலி கிறீச்சிட்டது.

மடங்கிய கை நிமிர்ந்தது...

ஸ்வெட்டரின் கழுத்து என் பக்கம் திரும்பியது.

உள்ளே ஒன்றுமில்லை.

நினைவு வந்தபோது மணி 6.40. நான் தரையில் கிடந்தேன். ஸ்வெட்டர் என் மேல் போர்த்தியிருந்தது. சூடாக.

அதைத் தூக்கிக்கொண்டு சோனியா வீட்டுக்கு ஓடினேன். அவள் அதைத் தொடவில்லை. பின்னால் நகர்ந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். மாமா சென்னைக்குப் போகவில்லை. நவம்பரில் செத்துப்போனார். அதற்குப் பிறகும், ஸ்வெட்டர் அங்கே இருந்தவரை, தினமும் அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

பழைய துணி கொடுத்தால், வீட்டு லட்சுமி கூடவே போய்விடக் கூடாதென்று ஒரு நூலை உருவி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். உருவினாயா என்று கேட்டேன்.

"அம்மா உருவக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு நூல் இங்க இருந்தாலும் மாமா திரும்பி வந்துருவாராம். முழுசா உங்க வீட்டுக்கே போகட்டும்னு..."

என் அப்பா போடுவார் என்று தெரிந்தேதானே கொடுத்தாய் என்றேன்.

அவள் கதவைச் சாத்தினாள்.

மேல் தாழ்ப்பாள் போடும் சத்தம். பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.

ஸ்வெட்டர் என் கையில்தான் இருந்தது.