திரவியம் அண்ணாச்சியும் டெக்சாஸ் கரண்டும்

“மேல இருட்டா இருக்கோ சாரே?”

தெருவில் கரண்ட் போன மறுநிமிடம் கீழ்வீட்டிலிருந்து இந்தக் குரல் வரும். கேட்பவர், நான் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் திரவியம் அண்ணாச்சி. மாடி இருட்டாக இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு லைன் இழுக்க வேண்டாமென்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னவரே அவர்தான். ஆனாலும் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கேட்ட கையோடு வாசலுக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். ஆரியசாலைச் சந்து முழுக்க இருண்டு கிடக்க, தன் வீட்டு விளக்கின் கீழே, காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடியும் விரித்துக்கொண்டு உட்காருவார்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்கு மொத்தக் கடை. எமர்ஜென்சி லாம்ப், டார்ச், கொசு பேட், பிளாஸ்டிக் வாளி. காற்று மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் ஊரே புலம்பும். அண்ணாச்சி மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகக் கடை திறக்கப் போவார். “வெளிச்சம் இருக்கப்ப ஒருத்தனுக்கும் நம்ம ஞாபகம் வராது, கேட்டியளா” என்பார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, தை மாதமானால் கழுத்தில் ஒரு மஃப்ளர். திருவனந்தபுரத்துக் குளிர் என்பது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கும் சமாச்சாரம். அதற்கு மஃப்ளர் எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஒரே மகள் திவ்யலட்சுமி டெக்சாஸில் இருக்கிறாள். அண்ணாச்சியின் போனில் நம் ஊர் வானிலை கிடையாது, அந்த ஊர் வானிலைதான். வாளி வாங்க வருகிறவரிடம், விலை சொல்வதற்கு முன்னால், “இன்னைக்கு அங்க மூணு டிகிரி” என்பார். டார்ச் வாங்க வருகிறவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. “நாங்க ஆறு மாசம் அங்க போய் இருந்தோம். ஒருக்கால்கூட லைட்டு கண் சிமிட்டல்ல. நம்ம சரக்கு அந்த ஊருல ஒண்ணுகூட விக்காது.” தன் சரக்கு விலைபோகாத ஊரைப் பற்றி இத்தனை பெருமையாகப் பேசும் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் பெருமை பெட்டி கட்டும்போதும் குறுக்கே வந்து நின்றது. ஓணத்துக்கு வந்திருந்த மகள் திரும்பிப் போகையில், அம்மா சிவகாமியம்மாள் பெட்டிக்குள் ஓர் எமர்ஜென்சி லாம்பை வைத்தார். போனையும் சார்ஜ் செய்துகொள்ளும் வசதியுள்ள லாம்ப், கடையிலேயே உசத்திச் சரக்கு. அண்ணாச்சி அதை எடுத்து வெளியே போட்டார். “அமெரிக்காவுக்கு எமர்ஜென்சி லாம்பா? கஸ்டம்ஸ்காரன் சிரிப்பான்டீ.” அந்த இடத்தில் முந்திரிக்கொத்து இரண்டு பொட்டலம் ஏறியது.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் வாங்கக் கீழே இறங்கினேன். கூடத்தில் குடும்பமே கூடி நின்றது. அண்ணாச்சி இழவுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: “சாரே, அங்க கரண்ட் போயாச்சு.”

டெக்சாஸில் மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, கிளைகள் பனிக்கட்டி கனத்து முறிந்து, கம்பிகளெல்லாம் அறுந்துவிட்டனவாம். அங்கே அப்போது இரவு. அடுப்பும் கரண்டு, ஹீட்டரும் கரண்டு. மருமகன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனவன் விமானம் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டான். அவன் ஓட்டிப்போன கார் விமான நிலையத்தில் நிற்கிறது. வீட்டில் திவ்யாவும் மூன்று வயதுக் குழந்தையும் மட்டும். இரண்டு தெரு தள்ளி பிரேமா என்றொரு சிநேகிதி இருக்கிறாள். அவள் வீட்டில் கேஸ் அடுப்பும் கணப்பும் உண்டு. பொழுது விடிந்து ரோட்டில் கால் வைக்க முடிந்ததும், போன் செய்துவிட்டு வந்து இருவரையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆகவே விடியும்வரை திவ்யாவின் போனில் உயிர் இருந்தாக வேண்டும். அவள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டாள். “அப்பா, பாதி சார்ஜ்தான் இருக்கு. நீங்க விளிக்க வேண்டாம். நானே மெசேஜ் போடுதேன்.”

“செரி மக்ளே, விளிக்கல்ல” என்றார் அண்ணாச்சி. நான் பேப்பரில் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

“வீடியோவுல வா மக்ளே, முகத்தப் பாக்கட்டு.” வந்தாள். திரை கறுப்பாக இருந்தது. “ஒண்ணும் தெரியல்லியே, அந்த டார்ச்சப் போடு.” போட்டாள். தொப்பி, கோட்டு, அதற்கு மேலே கம்பளி, மடியில் துணிமூட்டையாகக் குழந்தை. பேசும்போது அவள் வாயிலிருந்து புகை வந்தது. சிவகாமியம்மாள் அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“அங்க உள்ள லைன்மேன் யாரு? பேரக் கேட்டு வச்சுக்கிடணும். நம்ம சுஜின்னா ஒரு விளிக்கு ஓடி வருவான்.”

“இங்க அப்படி யாரும் இல்லப்பா.”

“பின்னே, வென்னி போட்டுக் குடி.”

“அடுப்பே கரண்டுல்லாப்பா.”

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டுப் போன் வந்தால் அது எல்லார் கைக்கும் போய்வர வேண்டும். யார் கையிலாவது போகாமல் வைத்துவிட்டால் அடுத்த பொங்கல்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். அன்றும் சட்டம் வழுவாமல் நடந்தது. அண்ணாச்சியின் அக்கா மங்கலம், “காதுல பஞ்சு வச்சுக்கோ மக்ளே, இன்னைக்குத் தலைக்குக் குளிக்காத” என்றார். குழாயில் தண்ணீரே உறைந்து கிடந்த வீட்டுக்கு இந்த அறிவுரை. அண்ணாச்சியின் மைத்துனர் செல்வகணேஷ் தொழிலில் கணக்கர், எதையும் யூடியூபில் சரிபார்க்காமல் பேசமாட்டார். “திவ்யா, இது ஸ்னோ இல்ல, கேட்டியா. ஐஸ் ஸ்டார்ம். வெளிய எறங்கினா வழுக்கும்” என்று, அவள் வாசலில் நடப்பதை அவளுக்கே விளக்கினார். “மேல உள்ள சாரும் ரெண்டு வார்த்தை பேசட்டு” என்று போன் என் கைக்கும் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. “சாப்பிட்டாச்சாம்மா?” என்று கேட்டேன்.

மத்தியானம் ஊண் கழிந்ததும் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். அங்கே நடு இரவு.

“உறங்கினியா மக்ளே?”

“இப்பதாம்ப்பா கண்ண மூடினேன்.”

“செரி, உறங்கு.”

பின்னணியில் குழந்தை எழுந்து அழும் சத்தம் கேட்டது. நான் பொறுக்கமாட்டாமல், “அண்ணாச்சி, சார்ஜ் தீர்ந்துபோகும், விட்டுவிடுங்கள்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பிள்ள இருட்டுல கெடக்கா. ஒரு தைரியத்துக்குத் தகப்பன் விளிக்கண்டாமா?” யாருடைய தைரியத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய போன் காலையிலிருந்து சார்ஜரில் செருகியபடியேதான் இருந்தது. பேச வேண்டியவர்கள் சுவரோரமாக வந்து குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இன்னொரு தடவை. இந்த முறை திவ்யாவின் குரலில் அழுகை இருந்தது. “அப்பா, நாலு பெர்சென்ட்தான் இருக்கு. இனி விளிச்சா பிரேமா விளிக்கப்ப போன் இருக்காது. கொச்சுப் பிள்ளைக்குக் கை காலெல்லாம் வெறைக்குது. வைங்கப்பா.”

“வைக்கேன் மக்ளே, ஒரே ஒரு நிமிஷம். அத்தை இப்பதான் கோயில்லேருந்து வந்தா…”

மங்கலம் குனிந்து, “அலோ” என்றார். மறுபடியும் “அலோ” என்றார். பிறகு நிமிர்ந்து, “ஒண்ணும் கேக்கல்லியே” என்று தம்பியைப் பார்த்தார்.

அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. சிவகாமியம்மாள்தான் தொடங்கினார். “அந்த லாம்ப நான் வச்சேன். அதுல போனும் சார்ஜ் ஆகும்னு ஊருக்கெல்லாம் சொல்லி விக்கியளே, எம்பிள்ள பெட்டியில இருந்து எடுத்துக் களஞ்சது யாரு?” அண்ணாச்சி கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றி மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. தாயும் மூன்று வயதுக் குழந்தையும், உறைந்துபோன வீட்டுக்குள், யாரையும் கூப்பிட வழியில்லாமல் கிடக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டை யாரும் எடுத்து வைக்காமல் இருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். அண்ணாச்சி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் காதில் வைத்தார்.

“அப்பா, நான்தான். பிரேமா போன்ல இருந்து பேசுதேன்” என்றாள் திவ்யா. கூடத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. “என் போன் கிட்டாம அவங்க பயந்துபோய், ஷூவுக்கு மேல சாக்ஸ மாட்டிக்கிட்டு நடந்தே வந்து எங்களக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கொச்சு பால் குடிச்சு உறங்கியாச்சு. இங்கயும் கரண்ட் இல்ல. அவங்க போன்லயும் சார்ஜ் கொறவுதான்.”

சிவகாமியம்மாள் அழுதுகொண்டே கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மங்கலத்தின் கை நீண்டது. யூடியூபில் புதிதாக ஏதோ பார்த்துவிட்டு வந்த செல்வகணேஷின் கையும் நீண்டது. அண்ணாச்சி அந்தக் கைகளைப் பார்த்தார்.

“செரி மக்ளே, வைக்கேன்” என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

“பெத்தவளுக்கு ஒரு வாக்கு பேசத் தரல்லியே!” என்று சிவகாமியம்மாள் சத்தம் போட்டார். அண்ணாச்சி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நூறு என்று காட்டியது. சுவரில் தொங்கிய சார்ஜரைப் பிடித்து மறுபடியும் அதில் செருகினார்.

“நெறஞ்சுல்லா இருக்கு. இனியும் எதுக்கு?” என்றார் சிவகாமியம்மாள்.

“கெடக்கட்டு” என்று சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.