புகை போட்ட காது

எங்கள் எஸ்டேட்டில் குழந்தைக்குக் காது வலித்தால் என் மாமனாரிடம்தான் தூக்கி வருவார்கள். மடியில் படுக்கவைத்து, சிகரெட்டை நன்றாக இழுத்து, புகையைக் காதுக்குள் மெல்ல ஊதுவார். உள்ளங்கையால் காதைப் பொத்தி ஒரு ஜெபம் சொல்வார். சூடு பட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்தும். தோட்டத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை மரம் வந்த பிறகும் அவருக்கு அந்தப் பேர் போகவில்லை.

சொந்தப் பேத்திக்கு மட்டும் அது பலிக்கவில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சல், காதில் சீழ், தலையணையில் மஞ்சள் கறை. ஆறியது என்று நினைக்கும்போதே மறுபடி வரும்.

ரெம்பாவ் டவுன் கிளினிக்கில் டாக்டரம்மா காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "வீட்டுல யாரு ரோக்கோ பிடிக்கிறா?"

சிகரெட்டை யார்தான் பிடிக்கவில்லை? மாமா ஹாலில். செனாவாங் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர் குசினியில், அடுப்புப் பக்கத்தில்.

"செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி கட்டி நிக்குதும்மா. அந்தப் புகையிலேயே வளர்ந்தா திரும்பத் திரும்ப வரும். இப்பவே காது மந்தமாத்தான் கேக்குது. பேச்சும் தள்ளிப்போகும்."

கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சரியான பிடிவாதக்காரி என்று வீடே சிரித்துக்கொண்டிருந்ததே!

அன்றைக்கே மாமாவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி ரம்புத்தான் மரத்தடியில் போட்டேன்.

"ஏம்மா, என் வூட்டை விட்டு என்னையே விரட்டுறியா?"

"உங்கள இல்ல மாமா, புகையத்தான். அத வெளியில விட்டுட்டு நீங்க தாராளமா உள்ள வாங்க."

"அப்பாகிட்ட இப்படியா பேசுவே? சும்மா இரு லா" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மோட்டார் சைக்கிள் நிறுத்துற இடத்துலயே ஊதி முடிச்சிட்டு, சட்டைய மாத்திட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். 'ஆமென்' சொன்ன கையோடு ஆண்கள் லைட்டரை எடுத்தார்கள். நான் வாசலைக் காட்டினேன். மருமகளுக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பேசட்டுமே, எனக்கென்ன!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு மரத்தடி நாற்காலியில் இருந்த மாமாவிடம் வந்தாள். "காது வலி, பெரியப்பா. கொஞ்சம் ஊதி விடுங்க."

மாமா என்னை முறைத்துக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தார். நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"ஊத வேணாம்க்கா. கிளினிக்குக் கொண்டுபோங்க."

"எத்தனை பிள்ளைங்களுக்கு ஊதியிருக்கேன்! எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு, சொல்லு!"

"உங்க பேத்திய கூப்பிடுங்க மாமா."

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி, படியில் உட்கார்ந்து பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா" என்றார். பிறகு, "பாப்பா, தாத்தாகிட்ட வா." அவள் தலைகூட அசையவில்லை. பந்து நழுவி அவர் காலடிக்கு உருண்டது. அதை எடுக்க ஓடிவந்தபோதுதான் தாத்தாவைப் பார்த்தாள். பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தாள்.

மாமா சிகரெட்டைச் செருப்பில் தேய்த்து அணைத்தார்.

"கிளினிக்குக்கே போம்மா" என்றார் அக்காவிடம், குரல் எழும்பாமல்.

நாற்காலி இன்னும் மரத்தடியில்தான் கிடக்கிறது. மழை பெய்தாலும் நான் அதை உள்ளே எடுப்பதில்லை.